முப்பத்து மூன்று பாகை

மூன்று எறும்புகள் ஒரு நெல்மணியை இழுத்தன. ஒன்று வேலியை நோக்கி இழுத்தது. இன்னொன்று கிணற்றை நோக்கி. மற்றது வீட்டுப் படியை நோக்கி. நெல்மணி இந்த மூன்றில் எந்தப் பக்கமும் போகவில்லை. மூன்றுக்கும் நடுவே தனக்கென்று ஒரு வழியில் நகர்ந்தது. அந்த வழியில் படுத்திருந்த புழுவொன்றின் மேல் ஏறிச் சென்றது. புழு செத்துப்போயிற்று. எந்த எறும்பு அதைக் கொன்றது?

"எந்த எறும்பும் கொல்லல," என்பார் சடகோபன். "வேலிக்குப் போற எறும்புக்கு வேலி மட்டும்தான் தெரியும். புழு இருந்த பக்கம் அதுங்க மூணுல ஒண்ணுகூட இழுக்கல. அப்புறம் பாவம் யார் மேல?"

புயல் திருப்பு நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் அதன் இயக்குநரான சடகோபன் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். கடல் வாடையே எட்டாத உள்நாட்டுக் குன்றொன்றின் மேல் அந்த நிலையம் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வந்து சேர்ந்த பவளக்கொடிக்கும் அவர் அதைச் சொன்னார். அவள் புழுவைப் பற்றி யோசித்தாள். ஆனால் கேட்டது வேறு.

"மேடைங்க எப்படி சார் புயலைத் திருப்புது?"

"புயலுக்குச் சூடான கடல்தாம்மா சாப்பாடு. கடல்ல நிக்கிற நம்ம மேடை மூணும் ஆழத்துல இருக்கிற குளிர்ந்த தண்ணிய மேல இறைச்சுப் பரப்பும். ஒரு பக்கம் சோறு இல்லைன்னா புயல் மறுபக்கம் திரும்பும். எந்தப் பக்கம் பரப்பணுங்கிறதைச் சக்கரம் முடிவு பண்ணும். ஒரு மேடைக்கு இங்க ஒரு சக்கரம், ஒரு ஆள், ஒரு அறை."

"மூணு சக்கரத்தையும் ஒரே ஆள் திருப்பினா லேசா இருக்குமே?"

"லேசாத்தான் இருக்கும். அதுக்கப்புறம் அந்த ஆள் தூங்கணுமே."

அந்த நிலையத்தின் ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு பதிலின் மேல் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு சக்கரமும் ஓர் அம்பு. மூன்று அம்புகளையும் ஒன்றன் நுனியில் மற்றொன்றின் வாலை வைத்து வரைந்தால், முதல் வாலிலிருந்து கடைசி நுனிக்குப் போகும் கோடே புயலுக்குக் கிடைக்கும் தள்ளல். பள்ளிக்கூடத்தில் அதற்குத் தொகுபயன் என்று பெயர். அந்தத் தொகுபயனை எவரும் தன்னுடையது என்று சொல்லக்கூடாது என்பதற்காகவே சட்டம் அப்படி வகுக்கப்பட்டிருந்தது. சக்கரம் திருப்புகிறவருக்குத் தனக்கு உத்தரவாக வந்த கோணமும் தன் மேடையில் வீசும் காற்றும் மட்டும் தெரியும், புயல் தெரியாது. இயக்குநருக்குப் புயல் தெரியும். சக்கரங்கள் நிற்கும் கோணம் தெரியாது. புயல் கரையைக் கடக்கும் வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது. கடந்த பின் மூவரும் தத்தம் சக்கரத்தைப் பூட்டிச் சாவியை உறையிலிட்டுக் கொடுக்க வேண்டும். சாவியின் தலையில் சிறு முள் ஒன்று உண்டு. சக்கரம் எந்தக் கோணத்தில் பூட்டப்பட்டதோ அதை அந்த முள் காட்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. கடற்கரையில் பிறந்தவர்களோ, அங்கே உறவு உள்ளவர்களோ அந்த வேலைக்கு வரக்கூடாது.

பவளக்கொடி பிறந்தது தாழைமுனையில். உப்பளத்துக்காரர் ஒருவரின் மகள். தகப்பனார் இறந்ததும் தாய்மாமன் அவளை உள்நாட்டுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். கடற்கரையில் உறவு உண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னாள். தாழைமுனையில் அவளுடைய தம்பி கலியமூர்த்தியும் அவன் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அன்றும் உப்பு வாரிக்கொண்டுதான் இருந்தார்கள்.

*

கரையின் வடக்கே முத்தரசபட்டினம் என்னும் பெருநகரம். தெற்கே தாழைமுனை. இரண்டுக்கும் நடுவில் சதுப்பும் அலையாத்திக் காடுமாக நீண்டு கிடந்த ஆளில்லாத நிலத்துக்கு வெற்றுக்கரை என்று பெயர். எல்லாப் புயல்களையும் அங்கே கொண்டுபோய் விடுவதுதான் நிலையத்தின் வேலை. இதுவரை வந்த சிறு புயல்கள் அங்கேதான் விழுந்தன. சற்றே தெற்கு ஓரமாக விழுந்தன. அதை நீரோட்டத்தின் குற்றம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முறை வந்தது கோடைப் புயல். அளவில் மிகப் பெரியது. வேலைக்குக் கிளம்பும்போது பவளக்கொடியைத் தம்பி அழைத்தான்.

"அக்கா, இந்த வாட்டியும் வெத்துக்கரைக்குத்தான் போவுதாம். ரேடியோவுல சொல்லிட்டான்."

"நீங்க எதுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயி இருங்களேன்டா."

"போனா உப்பை யாரு மூடறது? அம்பாரம் அம்பாரமாக் குமிச்சு வெச்சிருக்கோம். கீத்து போட்டு மூடலன்னா மழையில கரைஞ்சு மறுபடியும் கடலுக்கே போயிடும். நீ என்னமோ புயலுக்கு வாக்கப்பட்டவ மாதிரி பயப்படற."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். அவள் கைப்பேசியை வாயிலில் இருந்த கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அறைக்குள் பூட்டப்படுவதற்கு முன்பு மூவரும் சேர்ந்து ஒரு வாய்த் தேநீர் குடிப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் பேச்சுக்குத் தடையில்லை; வேலையைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. தென்மேடைக்காரர் காதர் மொய்தீன் திருச்சிக்காரர். மனைவி இறந்துவிட்டார், குழந்தைகள் இல்லை. மூவரில் சிரித்துப் பேசுகிறவர் அவர்தான்.

"என்ன நல்லசிவம், டீ ஆறிப் பாயசமாயிடுச்சு. குடிக்கிறதா, குளிக்கிறதா?"

"குடிக்கறேனுங்க பாய்," என்றார் வடமேடைக்காரர் நல்லசிவம். நாமக்கல் பக்கத்து மனிதர். அன்று அவர் முகம் சரியாக இல்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பவளக்கொடியின் அறை நடுவில். இடப்புறம் நல்லசிவம், வலப்புறம் காதர் பாய். சுவர்களின் மேற்பகுதியில், காற்றோட்டத்துக்காக விரல் நுழையும் அளவு இடைவெளி கொண்ட கம்பி வலைகள் இருந்தன. ஆறு ஆண்டுகளில் அவற்றின் வழியே இருமலும் தும்மலும் தவிர வேறொன்றும் போனதில்லை.

அவளுக்கு வந்த உத்தரவு நேர் மேற்கு. சக்கரத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு, ஒவ்வொரு புயலுக்கும் செய்கிற காரியத்தைச் செய்தாள்: மூன்று பாகை தெற்கே, தன் ஊரின் பக்கமாகத் திருப்பினாள்.

இதைப் படிக்கிறவர்கள் தவறாக எழுதப்பட்டதோ என்று நினைக்கக்கூடும். தவறில்லை. பொய் சொல்லி வேலைக்கு வந்தவள் அவள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் தன் கை, தனக்கே தெரியாமல் தம்பியின் ஊரைக் காப்பாற்ற வடக்கே சாய்ந்துவிடும் என்று அவள் அஞ்சினாள். நேராகத்தான் பிடித்திருக்கிறேன் என்று தன் கையை அவளால் நம்ப முடியவில்லை. ஆகவே அந்தக் கை செய்யக்கூடிய களவுக்கு முன்கூட்டியே அபராதம் கட்டுவதுபோல மூன்று பாகையை ஊரின் பக்கம் கொடுத்துவிடுவாள். புயல் கடந்ததும் சக்கரத்தை உத்தரவுக் கோணத்துக்கே கொண்டுவந்து பூட்டுவாள். சாவி எப்போதும் நேர் மேற்கையே காட்டும். மூன்று பாகையால் என்ன ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள்.

*

பிற்பகலில் அவளுடைய மேடையில் காற்று மாறியது.

உப்பளத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார்கள். புயலின் கண் அந்தக் கை காட்டும் திசையில் இருக்கும். காற்று புயலின் கண்ணை இடஞ்சுழியாகச் சுற்றி வருவதால், காற்றின் திசைக்கும் கண் இருக்கும் திசைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு செங்கோணம் நிற்கிறது. காலையிலிருந்து அவள் அறையில் மேடையின் காற்றைக் காட்டும் முள் நேர் வடக்குக் காற்றைக் காட்டியது. அப்படியானால் கண் நேர் கிழக்கில். வெற்றுக்கரையை நோக்கி ஒழுங்காக வருகிறது என்று பொருள். இப்போது காற்று வடகிழக்கிலிருந்து வீசியது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து, வடகிழக்குக்கு முதுகைக் காட்டி, இடது கையை நீட்டினாள்.

கை தென்கிழக்கைக் காட்டியது.

ஆனால் ஒரு கோடு இடத்தைச் சொல்லாது. கண் அந்தக் கோட்டின் மேல் அருகிலும் இருக்கலாம், தொலைவிலும் இருக்கலாம். இன்னோர் இடத்திலிருந்து இன்னொரு கோடு வந்து அதை வெட்டினால்தான் புள்ளி கிடைக்கும். அந்த இன்னொரு கோடு சுவருக்கு அப்பால் இருந்தது.

அவள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள்.

"காதர் பாய்."

நாற்காலி நகரும் ஓசை மட்டும் கேட்டது.

"பாய், உங்க மேடையில காத்து எந்தப் பக்கம்?"

"தங்கச்சி, பேசக்கூடாது. ஜெயிலு தெரியும்ல?"

"தெரியும். காத்து எந்தப் பக்கம் பாய்?"

அவரும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்தார். பிறகு வலைக்கு மிக அருகில் அவர் குரல் வந்தது. "காலையில வடமேற்கு. இப்ப நேர் வடக்கு, சுத்த வாடை. முள்ளு ஆடாம நிக்குது. ஏன்?"

அவள் பென்சிலை எடுத்துச் சுவரிலேயே வரைந்தாள். மேலே ஒரு புள்ளி, அவள் மேடை. அதற்கு நேர் தெற்கே ஒரு புள்ளி, அவர் மேடை. அவரிடம் நேர் வாடை என்றால் கண் அவருக்கு நேர் கிழக்கே. அவளுடைய கோடு தென்கிழக்காக, நாற்பத்தைந்து பாகையில் இறங்கியது. இரண்டும் வெட்டின. முக்கோணத்தின் ஒரு மூலையில் செங்கோணம். மற்ற இரண்டிலும் நாற்பத்தைந்து. ஆகவே இரண்டு பக்கங்களும் சமம். மேடைகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர். கண் தென்மேடைக்குக் கிழக்கே அதே முப்பதில் நின்றது. தென்மேடைக்கு நேர் மேற்கே, கரையில், தாழைமுனை.

"பாய், அது வெத்துக்கரைக்குப் போகல. முப்பது கிலோமீட்டர் தெற்க போயிடுச்சு."

"நான் உத்தரவுல ஒரு முடி பிசகல தங்கச்சி. சத்தியமா."

"நான் பிசகினேன்," என்றாள். "மூணு டிகிரி தெற்க வெச்சிருக்கேன். ஆனா என் ஒருத்தியால இவ்வளவு தூரம் போகாது. மூணு அம்புல ஒண்ணு மூணு டிகிரி சாஞ்சா, மொத்தம் ஒரு டிகிரிதான் சாயும். இது ரெண்டு டிகிரி. இன்னொருத்தரும் சாச்சிருக்காங்க."

இரண்டு பாகை என்பது காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத பிரிவு. எண்ணூறு கிலோமீட்டர் கடலைக் கடந்து வரும்போது அதற்குள் ஓர் ஊர் அடங்கிவிடுகிறது.

அவள் நாற்காலியை எதிர்ச்சுவருக்கு இழுத்தாள்.

"நல்லசிவம் அண்ணே. கேட்டுச்சா?"

"கேட்டுதுங்க அம்மிணி," என்றது குரல். அவர் ஏற்கெனவே வலையருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை டிகிரி அண்ணே?"

அப்பக்கம் கம்பி வலையில் நகம் கீறும் ஓசை கேட்டது.

"அண்ணே."

"மூணு," என்றார். "எம்மக முத்தரசபட்டினத்துல இருக்கறாளுங்க. நான் வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் கட்டிக் குடுத்தது, ஆருகிட்டயும் சொல்லல. முந்தாநேத்துதான் ஆபரேசன் பண்ணிப் புள்ள எடுத்திருக்காங்க. அவளால எந்திரிச்சு நிக்க முடியாதுங்க. நகரத்துல இருந்து கொஞ்சம் தள்ளிப் போவட்டும்னு வெச்சேன். அங்கதான் ஆருமே இல்லைன்னு சொல்றாங்களே, வெத்துக்கரையில."

"அது வெத்துக்கரைக்குப் போகல. தாழைமுனைக்குப் போகுது. அங்க என் தம்பி இருக்கான்."

வலையின் இடைவெளியில் நல்லசிவத்தின் விரல்கள் வந்து கம்பியைப் பற்றின.

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு அம்மிணி தெக்க சாச்சீங்க?" என்றார் மெதுவாக. "என்னைய ஏமாத்தறீங்களா? நான் கையெடுத்ததும் புயலை எம்மக மேல திருப்பி உடறதுக்குத்தான?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது யாரும் நம்பக்கூடிய பதிலாக இல்லை.

*

ஒவ்வோர் அறையிலும் இயக்குநருக்கு ஒரு தொலைபேசி இருந்தது. இயந்திரம் பழுதானால் மட்டுமே அதை எடுக்கலாம். அவள் எடுத்தாள்.

"என்னம்மா பழுது?" என்றார் சடகோபன்.

"மெஷின்ல இல்ல சார். என்கிட்ட. நான் தாழைமுனைக்காரி. பொய் சொல்லித்தான் வேலைக்கு வந்தேன். சக்கரத்தை மூணு டிகிரி சாச்சிருக்கேன்."

"வடக்கயா?" என்று அவர் உடனே கேட்டார். குரலில் வியப்பில்லை.

"தெற்க சார்."

எதிர்முனையில் ஏதோ மேசையிலிருந்து விழுந்து உருளும் சத்தம்.

"தெற்கயா?" என்றார் மறுபடியும்.

"தெற்க. உங்களுக்குப் புயல் தெரியுதே சார், அது எங்க போகுதுன்னு பாக்கலையா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன். தானா திரும்பிடும்னு..." அவர் நிறுத்தினார்.

"தாழைமுனையில சைரன் அடிக்கச் சொல்லுங்க. அவங்க உப்பு மூடிட்டு இருக்காங்க சார். புயல் அங்க வராதுன்னு நாமதான சொன்னோம்."

"கரை கடக்கிற இடத்தை மாத்திச் சொல்லணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும். ஏன் மாறிச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"நான் பேசினதைச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க."

அவர் வைத்துவிட்டார். சைரன் அடிப்பாரா, அல்லது அவளைப் பிடிக்க ஆள் அனுப்புவாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அவள் மறுபடியும் சுவரின் முன்னால் வந்து பென்சிலை எடுத்தாள். புயல் கரையை எட்ட இன்னும் நூற்று முப்பது கிலோமீட்டர். அதற்குள் அதை இருபத்தைந்து கிலோமீட்டர் வடக்கே தள்ளினால் வெற்றுக்கரையின் தெற்கு ஓரமாவது கிடைக்கும். காலையில் சின்னக் கோணம் போதுமாயிருந்தது. இப்போது பதினொரு பாகை வேண்டும். கோணம் சும்மா இருப்பதில்லை. தாமதிக்கத் தாமதிக்க அது வளர்கிறது.

"மூணு பேரும் பதினொண்ணு வடக்க திருப்பணும்," என்றாள் இரண்டு வலைகளுக்கும் கேட்கும்படி. "ஒருத்தரே திருப்பறதுன்னா முப்பத்து மூணு வேணும். சக்கரம் அவ்வளவு போகாது."

"நான் பதினொண்ணு போவேன். நீங்க இருவது போனீங்கன்னா?" என்றார் நல்லசிவம். "கூட்டிப் பாத்தா எம்மக ஊரு வந்துருமுங்க. உங்க கை எனக்குத் தெரியுதா?"

"உங்க கை எனக்குத் தெரியுதா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் காதர் பாய். "சாவி எதுக்கு இருக்கு? பதினொண்ணுல வெச்சுப் பூட்டுங்க. பூட்டிச் சாவியை என்கிட்ட குடுங்க. முள்ளு என்ன காட்டுதுன்னு நான் சத்தமாப் படிக்கிறேன். சாவி என்கிட்ட இருக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் சக்கரத்தைத் தொட முடியாது. எனக்கு அந்த ஊர்லயும் ஆள் இல்ல, இந்த ஊர்லயும் ஆள் இல்ல. என்னை நம்பலாம்ல?"

புயல் கடக்கும் முன் சக்கரத்தைப் பூட்டுவது பெருங்குற்றம். பூட்டிய பிறகு காற்று மாறினாலும் திருத்த முடியாது. பவளக்கொடி சக்கரத்தைப் பதினொரு பாகை வடக்கே கொண்டுபோனாள். பற்கள் நறநறவென்றன. பூட்டினாள். சாவியை உருவி வலது வலையின் வழியே நீட்டினாள். இன்னொரு விரல் அதை வாங்கிக்கொண்டது.

"பதினொண்ணு," என்று காதர் பாய் படித்தார். "நல்லசிவம், கேட்டுதா?"

நல்லசிவத்தின் சாவி அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுநேரம் கழித்து இடது வலையில் அது தலைகாட்டியது. அவள் வாங்கினாள். முள்ளைப் பார்த்தாள்.

எட்டு.

சாவி அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது. மூன்று பாகை குறைகிறது. காதர் பாயிடம் தன் சாவியை ஒரு நொடி திரும்பக் கேட்டு, சரிபார்ப்பதாகச் சொல்லி, பதினான்காக வைத்துவிடலாம். கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியாது. ஆறு ஆண்டுகளாக அவள் செய்துவந்ததும் அதுதான். பக்கத்து அறையில் அவர் செய்ததும் அதுதான்.

"அண்ணே," என்றாள். "எட்டுல நிக்குது."

"தெரியுமுங்க," என்றார். "கை அதுக்கு மேல போவல அம்மிணி. ரெண்டு வாட்டி முயற்சி பண்ணிப் பாத்தேன். அந்தப் புள்ளைய இன்னும் நான் பாக்கவே இல்ல."

அவள் அறையின் காற்றுமுள் மட்டும் துடித்தது.

"விடு நல்லசிவம்," என்றது வலதுபக்கக் குரல். "எட்டு உன்னோடது. சாவியை இப்படிக் குடு தங்கச்சி. மிச்சம் மூணை நான் எடுத்துக்கிறேன். பதினாலு. என் சாவியையும் இந்தா, நீயே பாரு. நல்லசிவத்துக்கும் சத்தமாப் படி."

அவள் படித்தாள். பதினான்கு. அறைகளின் வெளிப்பூட்டு திறக்கப்படும் வரை அந்த மூவரும் இரண்டு சுவர்களின் மேல் சாய்ந்து நின்றபடி, தங்கள் மேடைகளின் காற்றை மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் வடகிழக்கு. என்னிடம் இன்னும் வாடைதான். என்னிடம் கிழக்கு. என்னிடம் சற்றே வடமேற்காகிறது. ஆமாம், திரும்புகிறது.

*

புயல் வெற்றுக்கரையின் தெற்கு விளிம்பில், தாழைமுனையை உரசிக்கொண்டு கரை கடந்தது. முத்தரசபட்டினத்தில் மழை பெய்தது, அவ்வளவுதான். தாழைமுனையில் ஒரு கூரையும் மிஞ்சவில்லை. உப்பு அம்பாரங்கள் அனைத்தும் கடலுக்கே போயின.

மறுநாள் காலையில்தான் தம்பியின் குரல் கிடைத்தது.

"சைரன் அடிச்சானுங்க அக்கா. ஏதோ தப்பா அடிக்கிறானுங்கன்னு பாதிப்பேரு நகரவே இல்ல. அப்புறம் யாரோ பெரிய ஆபீசரே போன் போட்டு, சர்ச்சு மணிய அடி, கோயில் மணிய அடி, எல்லாரையும் இழுத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன்னு ஒவ்வொருத்தரையாக் கெஞ்சினாராம். எல்லாரும் வந்துட்டோம். அஞ்சப்பன் சித்தப்பா மட்டும் கீத்து போட்டு மூடிட்டு வரேன்னு போனாரு. இப்பதான் எடுத்தாங்க."

பவளக்கொடிக்குச் சின்ன வயதில் உப்புக் கட்டியை மிட்டாய் என்று சொல்லி ஏமாற்றிக் கொடுத்தவர் அஞ்சப்பன்.

மூவரும் சடகோபனின் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். கைது செய்ய ஆட்கள் நிற்பார்கள் என்று எண்ணி வந்தார்கள். அவர் மட்டும் இருந்தார். மேசையின் மேல் மூன்று சாவிகள். பதினொன்று, எட்டு, பதினான்கு. வெற்றுக்கரைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே விழ எத்தனை பாகை வேண்டியிருந்தது என்று எவரும் கேட்கவில்லை. அஞ்சப்பனின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி வந்த சாவிங்க எல்லாம் ஒரு டிகிரிகூடப் பிசகாம உத்தரவுலயே இருந்துச்சு," என்றார் சடகோபன். "நாள் முழுக்கக் காத்தோட மல்லுக்கட்டின சக்கரம் அப்படி நிக்குமா? நீங்க சாச்சுட்டுக் கடைசியில நேராக்கறீங்கன்னு அப்பவே தெரியும். எனக்கு அது பெரிய விஷயமாப் படல. ஏன்னா அதுக்காகத்தான் உங்களை இங்க வெச்சிருக்கேன்."

"எதுக்காகங்க?" என்றார் நல்லசிவம்.

"சட்டம் போட்டவங்க கடற்கரையில ஆள் இல்லாதவங்களா எடுக்கச் சொன்னாங்க. அப்படி ஒருத்தனும் கெடைக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு இல்லைன்னாலும் நாளைக்கு ஒரு மக அங்க வாக்கப்பட்டுப் போவா. அதனால பயத்தையே கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். நல்லசிவம், உங்க மக கல்யாணத்தைக் கேள்விப்பட்டேன், ஆனாலும் உங்களை வேலையை விட்டு அனுப்பல. நகரத்துக்குப் பயந்து தெற்க இழுக்க ஒருத்தர். ஊருக்குப் பயந்து வடக்க இழுக்க ஒருத்தி. ரெண்டு அம்பும் எதிரெதிர், அடிச்சுப்போயிடும். கூடவே எந்தப் பயமும் இல்லாத ஒரு ஆள்." அவர் பவளக்கொடியைப் பார்த்தார். "நீ தாழைமுனைக்காரின்னு உன்னை எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் எடுத்தேன். நேத்து புயல் தெற்க போனப்பகூட, இவ விடமாட்டா, இப்ப திருப்பிடுவான்னு உன்னை நம்பித்தான் உக்காந்திருந்தேன்."

அவள் சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா தெற்க வெச்ச?"

"பொய் சொல்லி வந்த வேலை சார். எங்க ஊருக்குச் சாதகமா ஒரு துளிகூடப் போயிடக்கூடாதுன்னு வெச்சேன்."

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை. "அது என் கணக்குல இல்ல," என்றார்.

"எறும்பு கதை சொல்வீங்களே சார்," என்றாள். "எறும்பு போறதை நீங்க குனிஞ்சு பாத்திருக்கீங்களா? எதிர்ல வர்ற ஒவ்வொண்ணுகிட்டயும் நின்னு மூஞ்சியத் தொட்டுப் பேசிட்டுத்தான் போகும். பேசாத எறும்பு எங்கயும் இல்ல."

அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு, வேலை வேலைதான் என்பதுபோல, மேசைமேலிருந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதில், கடலின் தொலைதூர மூலையில், பென்சிலால் ஒரு சிறு வட்டம் போடப்பட்டிருந்தது.

"அடுத்தது உருவாகுது. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அது முடியற வரைக்கும் புது ஆள் தேட நேரமில்ல. சுவரை வேணும்னா எடுத்துடலாம். மூணு பேரும் ஒரே அறையில உக்காருங்க. நல்லசிவம் வடக்கு மேடை, நீ நடு மேடை. காதர் பாய், வழக்கம்போல நீங்கதான் எந்தப் பக்கமும் சாயாத ஆளு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

காதர் மொய்தீன் மேசையருகே வந்தார். சாவிகளை எடுப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அவற்றை இயக்குநரின் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"நேத்து வரைக்கும் எனக்கு யாரும் இல்ல சார்," என்றார். "இப்ப முத்தரசபட்டினத்துல ஒரு பச்சப்புள்ள இருக்கு. தாழைமுனையில ஒரு சாவு இருக்கு. அந்த இடத்துக்கு நீங்க வேற ஆளைப் பாருங்க."